குஞ்சோடு கிடந்த விரால்

அந்த ஐப்பசியில் என் மகள் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டியிருந்தோம். வீடெல்லாம் அந்த வாசம். அவள் ஒரு வாய் சோறு எடுக்கவில்லை. சாப்பிடாமல் கிடந்தால் தையல் எப்படி ஆறும் என்று எனக்குப் பயம்.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்களுக்கு எங்கள் பக்கம் விரால் மீன் கொடுப்போம், புண் சீக்கிரம் ஆறும் என்று. என் வீட்டுக்காரர் தூண்டிலும் தவளையுமாகக் கண்மாய்க்குப் போனார். விரால் குஞ்சுகள் செக்கச் சிவப்பாக ஒரே கூட்டமாய் மேலே வந்து மூச்செடுக்கும். தாயும் தகப்பனும் அடியில் கிடந்து காவல் காக்கும். குஞ்சுகள் கறுத்துத் தனியே பிரியும்வரை விட்டு நகராது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போட்டால், குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டதென்று பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

அவரும் இரண்டையும் பிடித்து வந்து வாளித் தண்ணீரில் விட்டார். விரால் லேசில் சாகாது. மேலே வந்து வந்து காற்றைக் குடித்தது. அந்தச் சத்தம் கேட்டு மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாள். குஞ்சோடு கிடந்தது என்று அவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டையும் புடிச்சிட்டீகளேப்பா. இனி அதுகளை யாரு பாக்குறது?"

அவர் வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு திரும்பப் போனார். கரையில் மாடு மேய்த்த ஒருவர், "விராலைத் தண்ணிக்குள்ள விடுற மகராசனை இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்று சிரித்தாராம்.

மீன்களை விட்ட இடத்தில் ஒரு குஞ்சும் இல்லை. கெளுத்தி தின்றதோ, கொக்கு தின்றதோ. வெயில் தாழும்வரை தண்ணீரையே பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அடுப்படியில் என்னிடம் மட்டும் அதைச் சொன்னார். மகளிடம் போய், "சேந்துருச்சு ஆத்தா. கூட்டத்துக்குள்ள போயிருச்சு" என்றார்.

அவள் கஞ்சி கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். இரண்டு வாய் குடித்தபின், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அப்பா மொகத்துலயே தெரியுதும்மா. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிராத."

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகக் கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.