எட்டாம் படத்தில் நுழையாத தட்டு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சுடுதண்ணி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். பலகை பலகையாகப் பெட்டியில் அடைத்து, வாங்குகிறவரே வீட்டில் சேர்த்துப் பூட்டிக்கொள்ளும்படி மரச்சாமான் விற்கும் நிறுவனம் அது. அதன் புகார்த் தொலைபேசிக்கு முன்னால் பதினாறு வருடமும் நான்கு மாதமும் உட்கார்ந்திருந்தாள். பேசும்போது குரல் வெண்ணெய். ரிசீவரை வைத்த மறுநொடி கொதிப்பு.

"படம் போட்டுக் குடுத்தாக்கூடப் பார்க்கத் தெரியாதா இதுகளுக்கு? கண்ணு பின்மண்டையிலயா இருக்கு?"

அடுத்த மேசைக்காரர்கள் குனிந்து சிரிப்பார்கள். அடுத்த மணி அடிக்கும். "வணக்கம், சொல்லுங்க ஐயா," என்பாள். மறுபடி வெண்ணெய்.

ஒவ்வொரு புகாருக்கும் ஒரு படிவம். படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள். ஒன்று, பாகம் குறைவு. இரண்டு, வழியில் உடைந்தது. மூன்று, பயன்படுத்தியவர் தவறு. ஒன்றிலோ இரண்டிலோ குறி போட்டால் புதுப் பாகம் போகும். மூன்றில் போட்டால் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போகும், அவ்வளவுதான். ஏழு நாளுக்குள் படிவத்தை மூட வேண்டும் என்பது விதி. பதினாறு வருடத்தில் ஒரு படிவத்தைக்கூட அவள் எட்டாம் நாளுக்குத் தள்ளியதில்லை.

போன வருடம் பிப்ரவரியில் ஆறடிப் புத்தக அலமாரி ஒன்று விற்பனைக்கு வந்தது. இரண்டு பக்கப் பலகை, மேல் பலகை, அடிப்பலகை, நடுவில் அசையாத தட்டு ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய தட்டு மூன்று, முதுகுக்கு ஒரு மெல்லிய அட்டைப் பலகை. கூடவே ஒரு செய்முறைத் தாள். அதில் எழுத்தே கிடையாது, பத்துப் படங்கள் மட்டும். பதின்மூன்று மாதத்தில் அந்த அலமாரி பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள் வந்தன. எல்லாம் ஒரே புகார்: நடுத்தட்டை மாட்டும்போது பக்கப் பலகை துளையோரம் பிளந்துவிட்டது. மேலாளர் அவற்றுக்கெல்லாம் ஒரே பழமொழியை வைத்திருந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். மூணு போடுங்கம்மா."

அவளும் சிரித்துக்கொண்டே மூன்று போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு முறை, தன் கையால், நீல மையில்.

இருநூற்றுப் பதின்மூன்றாவது அழைப்பு மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபதுக்கு வந்தது.

"வணக்கம், உங்க புகாரைச் சொல்லுங்க."

"வணக்கமாவது மண்ணாங்கட்டியாவது. நான்தான்டி."

அவளுடைய அக்கா. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். துணிக்கட்டுகளையும் மாதிரிப் புத்தகங்களையும் அடுக்க ஓர் அலமாரி வேண்டும் என்று அவள் கேட்டபோது, "எங்க கம்பெனியிலயே வாங்குக்கா, நான் சொல்றேன்ல," என்று அடித்துச் சொன்னது தங்கைதான்.

"உன் அலமாரி என் கடையில குறுக்கால படுத்திருக்கு. அத்தான் ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாரு. கடைசியில ஒரு காலை பலகையில முட்டுக்குடுத்து இழுத்தாரு. டமார்னு பிளந்துடுச்சு. சாண் நீளம்."

"ஐயோ, காலைக் குடுத்து இழுக்கலாமாக்கா? தாள்ல போட்ட மாதிரி செய்யணும்."

"தாளைப் பார்த்துத்தான்டி செஞ்சாரு! ஒவ்வொரு படத்துக்கும் விரல் வெச்சுப் பார்த்தாரு, பரிட்சைக்குப் போற பிள்ளை மாதிரி."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்றாங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"எல்லாருமா? எத்தனை பேரு?"

அவள் படிவக் கட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வா. நீயே வந்து மாட்டிக் காட்டு. அதுக்கு முன்னாடி என் தலையில தப்புன்னு எழுதினேன்னு வெச்சுக்கோ, என் வாசப்படி மிதிக்காதே."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். போகும்போதே கோபம். அத்தானுக்கு ஓர் ஆணி அடிக்கத் தெரியாது, அக்காவுக்கு வாய் மட்டும் நீளம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அலமாரியை முழுக்கக் கழற்றிவிட்டு, தாளை எதிரில் விரித்து, முதல் படத்திலிருந்து தொடங்கினாள். ஏழாம் படம்வரை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போயிற்று. இரண்டு பக்கமும் அடியும் மேலும் சேர்ந்து, பலகைகளைப் பிணைக்கும் பூட்டுத் திருகுகள் இறுகி, ஒரு வெற்றுச் சட்டம் நின்றது. எட்டாம் படத்தில் நடுத்தட்டு முன்புறமிருந்து உள்ளே போவதாக அம்புக்குறி.

தட்டின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு மரக்குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தள்ளினாள். நுழையவில்லை. சாய்த்தாள். நுழையவில்லை. முட்டியால் முட்டினாள்.

"காலைக் குடுத்து இழுத்துப் பாரேன்," என்றார் அத்தான், மூலையில் உட்கார்ந்தபடி. இரண்டு நாளாக அந்த வாக்கியத்தைச் சேமித்து வைத்திருந்தார் போல.

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள். சட்டத்தின் உள்பக்கத்தை அளந்தாள். எழுபத்தாறு புள்ளி நான்கு சென்டிமீட்டர். குச்சி முனையிலிருந்து குச்சி முனைவரை தட்டை அளந்தாள். எழுபத்தெட்டு புள்ளி நான்கு.

"நாப்பது இஞ்சு மார்புக்கு முப்பத்தெட்டு இஞ்சுல சட்டை தைச்சு, பட்டனையும் பூட்டிக் குடுத்துட்டு, தலை வழியா மாட்டிக்கோன்னு சொன்னா எவன்டி மாட்டுவான்? கிழியத்தான் செய்யும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அதுவரை அக்காமேல் இருந்த கோபம் போக இடமில்லாமல் நடுக்கடையில் நின்றது. எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். பிளக்காத பக்கப் பலகையை உள்முகம் மேலே பார்க்கத் தரையில் கிடத்தினாள். அடி, நடு, மேல் என்று மூன்றையும் அதன்மேல் செங்குத்தாக நிறுத்திக் குச்சிகளைத் துளைகளில் இறக்கினாள். எந்தப் பூட்டையும் முழுசாகத் திருப்பாமல் பாதியோடு விட்டாள். பிறகு பிளந்த பக்கப் பலகையைப் பானைக்கு மூடி போடுவதுபோல மேலே வைத்தாள். ஆறு குச்சியும் தானாகத் துளையைத் தேடிப் போயின. அதன் பிறகுதான் பூட்டுகளை இறுக்கினாள். முதுகு அட்டையை ஆணியடிப்பதற்கு முன் அக்கா மூலைக்கு மூலை ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தாள். குறுக்காக இரண்டு பக்கமும் ஒரே நீளம், கோணல் இல்லை. மீதி மூன்று தட்டுகளுக்குக் குச்சி கிடையாது, சிறு முளைகள்மேல் உட்காருபவை. அவற்றை ஒரு முனை தூக்கிச் சாய்த்துக் கொண்டுபோய் இறக்கியதும், பூனை மடியில் படுப்பதுபோலப் படுத்துக்கொண்டன.

மொத்தம் இருபத்தாறு நிமிடம். பிளந்த பலகை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"எத்தனை பேருன்னு அன்னைக்கே கேட்டேன்," என்றாள் அக்கா.

"இருநூத்திப் பன்னெண்டு."

"எல்லாருக்கும் நீதான் எழுதினியா?"

"நான்தான்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை ஒன்பது ஐந்துக்குச் செய்முறைத் தாள் வரைபவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவருக்குப் பென்சில் என்று பெயர். பத்து வருடமாக அவர் பென்சிலைத் தொட்டதில்லை, எல்லாம் கணினித் திரையில்தான். அவர் எட்டாம் படத்தை ஓட்டிக் காட்டினார். திரையில் தட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"பாருங்கக்கா, எவ்வளவு அழகா போகுது."

"குச்சி எங்க போச்சு?"

"அது சைடு பலகைக்குள்ள போயிடும்."

"மரத்தைக் கிழிச்சுக்கிட்டா?"

"திரையில மரம் தடுக்காதுக்கா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும்."

"பேய் மாதிரியா?"

பென்சில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "நீங்க இதை ஒரு தடவையாவது கையால மாட்டியிருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் மேலாளர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். தாளில் ஒப்புதல் கையெழுத்து மேலாளருடையது.

மேலாளர் அவள் சொன்னதைக் கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அக்காவுக்காகத் தாளை மாத்தச் சொல்றீங்க."

"இருநூத்திப் பன்னெண்டு பேரும் என் அக்காவா சார்?"

"குரலை இறக்கிப் பேசுங்க. தப்பு நம்ம மேலன்னு ஒரு படிவத்துல எழுதினா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. வெள்ளிக்கிழமையோட ஏழு நாள் ஆகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மூணு போட்டு மூடுங்க. இல்லேன்னா திங்கட்கிழமையிலிருந்து கிடங்குல ஆணி எண்ணப் போங்க."

நான்கு நாள் அந்தப் படிவம் மேசைமேல் கிடந்தது. மூன்று போட்டால் நாற்காலி இருக்கும், அக்கா வீடு இருக்காது. போடாவிட்டால் அக்கா வீடு இருக்கும், நாற்காலி இருக்காது. அந்த நான்கு நாளில் அதே புகாரோடு இன்னும் மூன்று பேர் அழைத்தார்கள். "நீங்க செஞ்சது சரிதான், எட்டாம் படத்தை விட்டுடுங்க, பலகையைத் தரையில கிடத்துங்க," என்று மூன்று பேருக்கும் சொன்னாள். தாளில் இல்லாததைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்பது விதி. அவர்களின் மூன்று படிவங்களையும் அக்காவுடையதன் அடியில் சேர்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாராந்திரக் கூட்டம். மேலாளர், பென்சில், இன்னும் ஆறு பேர். அவள் லோடு இறக்கும் இரண்டு பேரை வைத்து ஒரு பெட்டியைக் கூட்ட அறைக்குள் கொண்டுவந்து இறக்கினாள்.

"என்ன இது?" என்றார் மேலாளர்.

"புத்தக அலமாரி சார். எங்களுக்குத்தான் ஆடத் தெரியல. தெரிஞ்சவங்க ஆடிக் காட்டுங்க, கத்துக்கிறோம்."

ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. மேலாளர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பென்சில் தாளை விரித்தார். மூன்று பத்துக்குத் தொடங்கியவர்கள் மூன்று ஐம்பத்திரண்டுக்கு எட்டாம் படத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தட்டு நுழையவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். "நீங்க அந்தப் பக்கம் இழுங்க," என்றார் மேலாளர். "இழுத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்," என்றார் பென்சில். மேலாளரின் நெற்றியில் வேர்த்தது. தாளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஆறு பேரைப் பார்த்தார். பிறகு, அவள் அத்தான் செய்ததைப் போலவே, ஷூக் காலைப் பக்கப் பலகையில் முட்டுக்கொடுத்தார்.

டமார்.

அவள் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

"உங்க பேரை நானே எழுதிக்கிறேன் சார். காரணம் எது போடட்டும்? பாகம் எதுவும் குறையல. வழியிலயும் உடையல."

"போதும்," என்றார் மேலாளர்.

"போதாது சார்! பதிமூணு மாசமா ஊர்ல இருக்கிறவங்க அத்தனை பேரையும் முட்டாள்னு எழுதியிருக்கேன். எழுதின கை இது. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். கூடம் கோணல்தான் சார். கட்டினவங்க நாம. ஆடினவங்க காலை ஒடிச்சிட்டு அவங்களையே திட்டியிருக்கோம்."

பதினாறு வருடமும் ரிசீவரை வைத்த பிறகுதான் கொதித்திருக்கிறாள். எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே கொதித்தது அன்றுதான் முதல் முறை.

மேலாளர் கோட்டை எடுத்துக்கொண்டார். "எதையாவது போட்டுத் தொலைங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதை அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். நான்கு ஐம்பதுக்குத் தன் மேசையில் உட்கார்ந்து, அக்காவின் படிவத்தில் மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்காவது கட்டம் ஒன்று வரைந்தாள். "தாள் தவறு" என்று எழுதிக் குறி போட்டு, முத்திரை குத்தி மூடினாள். மற்ற மூன்றுக்கும் அப்படியே. நாலு பக்கப் பலகைக்குச் சீட்டு எழுதிக் கிடங்குக்கு அனுப்பினாள். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

திங்கட்கிழமை அவளை யாரும் ஆணி எண்ணக் கூப்பிடவில்லை. பாராட்டவும் இல்லை. அச்சடித்த தாள் ஒன்பதாயிரம் மிச்சம் இருந்ததால் தாளை மாற்றவில்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்தார்கள்: முதலில் பக்கப் பலகையைக் கிடத்து. அதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. மன்னிக்கவும் என்று ஒரு சொல் சேர்க்க அதில் இடமா இல்லை?

அக்காவுக்குப் புதுப் பலகை வந்தது. "என்னோடது வந்துடுச்சு. மீதிப் பேருக்கு?" என்றாள் அக்கா.

அன்று மதியம், சாப்பாட்டு இடைவேளையில், பழைய பதிவேட்டைத் திறந்தாள். வரிசையில் முதல் எண். எதிரில் ஓர் ஆண் குரல்.

"ஐயா, போன வருஷம் மார்ச் மாசம் ஒரு அலமாரி பத்திப் புகார் குடுத்தீங்க. நீங்க செஞ்சதுல தப்பே இல்லைங்க. எங்க தாள்தான் தப்பு. புதுப் பலகை அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"ஒரு நிமிஷம் இருங்கம்மா. ஒரு வருஷமா என் வீட்டுக்காரி என்னைக் கையாலாகாதவன்னு சொல்லிக்கிட்டிருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

"அப்போ அன்னைக்கு இவர் மேல தப்புன்னு கடிதம் போட்டது யாரு?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"நான்தாங்க."

அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள். உடைந்த பலகைக்காக வீட்டில் நடந்த சண்டைகளை, தரையில் கிடந்த புத்தகங்களைக் கரையான் தின்றதை, கணவர் அதன் பிறகு ஒரு பல்பு மாற்றக்கூடப் பயந்ததை, எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள். பதினொரு நிமிடம். சுடுதண்ணி கடைசிவரை கேட்டாள். ரிசீவரை வைத்தபோது கொதிக்கவில்லை. அந்த வரிக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.