அப்பாவும் பெரியப்பாவும் கட்சி மாறிய நாள்

மகனின் முழங்கால் கட்டை அவிழ்த்தபோது டிஞ்சர் வாசனை எழுந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பைக்கோடு அவன் விழுந்து ஒரு வாரமாகிறது.

சிறுவயதில் டைபாய்டோடு நான் கிடந்த வார்டிலும் இதே வாசனைதான்.

அப்போதெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்து, மட்டன் எலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டே அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சண்டையைப் போடுவார்கள்.

“யார் இரட்சிக்கப்படணும்னு கர்த்தர் முன்னாடியே முடிவு பண்ணிட்டார், அண்ணா,” என்பார் அப்பா.

“அப்போ எதுக்குடா காலையில என்னை எழுப்பிக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போற? நம்ம கையிலயும் கொஞ்சம் இருக்குடா,” என்பார் பெரியப்பா.

என் ஜுரம் இறங்காத அன்று அப்பா டாக்டர்களைக் கெஞ்சினார், மருந்துக்கு ஓடினார், நர்ஸிடம் சண்டை போட்டார். பெரியப்பா என் கட்டிலருகே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எல்லாம் அவர் கையில இருக்கு. உட்காருடா.”

“நீ சும்மா இருண்ணா!” என்று அப்பா கத்தினார்.

நான் பிழைத்து வீடு வந்த ஞாயிறே இருவரும் பழைய கட்சிக்குத் திரும்பிவிட்டார்கள்.

“மறுபடி எப்போப்பா வண்டி எடுக்கலாம்?” என்றான் மகன்.

“கால் ஆறட்டும். கர்த்தர் பார்த்துப்பார்,” என்றேன்.

சாவியை விபத்து நடந்த அன்றே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.