நாற்காலிக்காரன் வண்டி வாங்கிய விதம்

நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் என் நாற்காலிதான் போகும். மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையில் கால் ஒடிந்து கிடந்தவற்றை வாங்கி, ஆணி அடித்து, வர்ணம் பூசித் தொழில் தொடங்கியவன். பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதித்ததில்லை. மந்திரியும் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவரைத் திட்டியவரும் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் இன்னும் நிறையச் சொல்வேன்.

பழைய சுமை வண்டியின் இன்ஜின் படுத்துவிட்டது. சம்பாதித்ததெல்லாம் வாடகை வண்டிக்கே போனது. இப்படியே ஓடினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் ஷோரூமுக்குப் போய், டை கட்டிய விற்பனைத் தம்பியிடம் நாள் கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு வேனை நியாயமான விலைக்கு இறக்கினேன். கை குலுக்கினோம். முன்பணமும் கட்டினேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று பில்லில் வேறு விலை இருந்தது. சீட் உறை, மிதியடி, பாலிஷ் என்று நான் கேட்காததெல்லாம் வண்டியில் ஏறியிருந்தன.

“இதெல்லாம் யாரு தம்பி கேட்டது?”

“எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார். கம்பெனி ரூல்.”

“கழட்டு.”

“முடியாது சார். வேணாம்னா புக்கிங்கை கேன்சல் பண்ணிக்கலாம். ஆனா அட்வான்ஸ் திரும்ப வராது.”

“உங்க மேனேஜரைக் கூப்பிடு” என்று அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தேன். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. அதற்குள் பெரிய கார் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. தம்பி என்னிடம் ஓடி வந்தான்.

“சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? அவங்க உக்காரணும்.”

ஊரையே உட்கார வைத்தவனை எழுந்திருக்கச் சொல்கிறான்! எழுந்தேன். நேரே வெளியே வந்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

“ஒரு வரிசை நாற்காலி எடுத்துக்கிட்டு ஷோரூமுக்கு வா.”

“அங்க என்னங்க விசேஷம்?”

“நம்ம விசேஷம்தான்.”

ஆட்டோ கூரையில் நாற்காலிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடியது. “அட்வான்ஸ் போயிடுமேங்க...”

“போனா போகட்டும். எந்திரின்னு சொன்னான்டி என்னை!”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷோரூம் வாசலுக்கு வெளியே நடைபாதை ஓரமாக வரிசை போட்டாள். உள்ளே போகிறவர்களை நான் ஒவ்வொருவராக அழைத்தேன்.

“வாங்க, உக்காருங்க. நம்ம கதையை ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க.”

கேட்டவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. சர்வீசுக்கு வந்த ஒருவர், “அட, என் தலையிலயும் அந்த மிதியடியைக் கட்டிட்டாங்களே!” என்று கொதித்தார். சோபாவில் உட்கார்ந்த குடும்பமும் என்னவென்று பார்க்க வந்து, எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

இப்போது மேனேஜருக்கு வழி தெரிந்துவிட்டது. வேகமாக வெளியே வந்தார்.

“என்ன சார், வாசல்ல கூட்டம் போட்டுட்டீங்க?”

“கூட்டத்துக்கு நாற்காலி போடறதுதான் சார் என் தொழிலே.”

“உள்ள வந்து பேசலாமே.”

“உள்ள எனக்கு உக்கார இடமில்லை. இங்கயே பேசுங்க, நாலு பேருக்குக் கேக்கட்டும்.”

அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். “உக்காருங்க தம்பி. நாங்க யாரையும் நிக்க வெச்சுப் பேசறதில்லை.”

அவர் உட்கார்ந்தார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பேசிய விலைக்கே பில் வந்தது. உறை கழன்றது, மிதியடி இறங்கியது.

“பாலிஷைக் கழட்ட முடியாதேம்மா” என்றார் மேனேஜர்.

“அப்ப அது உங்க செலவு” என்றாள் வீட்டுக்காரி.

புது வேனில் முதல் சுமையாக அந்த நாற்காலிகளையே ஏற்றினோம். மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அடுத்த மாசம் எங்களுக்கு ஒரு விழா இருக்கு. நாற்காலிக்கு என்ன வாடகை? பாத்துக் குறைச்சுப் போடுங்க.”

“வாங்க, பேசலாம். நம்மகிட்ட பேசின விலைதான் பில்லுல இருக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.