துண்டுக்குள் ஒரு வீடியோ கால்

தகவல் தொழில்நுட்பத்தால் நாட்டின் பொருளாதாரம் எகிறுகிறது என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். எங்கே எகிறியது என்று கேட்டால் முழிப்பார்கள். செஞ்சியில் அது எகிறியது ஆதிநாராயணனின் டர்க்கி துண்டுக்குள்.

அவன் மனைவி சாமுண்டீஸ்வரி மாடு வளர்ப்பதில் கெட்டிக்காரி. விற்கத்தான் வழியில்லை. அவலூர்பேட்டைச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். முன்பின் தெரியாத ஆம்பளை கையை அவள் எப்படிப் பிடிப்பாள்? அதனால் அவள் வளர்ப்பாள், அவன் விற்பான். அவனோ யார் சிரித்துப் பேசினாலும் கரைந்துவிடுகிற ஆள். நல்ல மாடு அடிமாட்டு விலைக்குப் போகும். "மொதல்ல எவ்ளோக்குக் கேட்டான்?" என்றால், "துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்லக் கூடாது" என்று மீசையைத் தடவுவான்.

இந்தத் தடவை சினைக் கிடாரி. கன்றிலிருந்து கண்ணாகப் பார்த்து வளர்த்தது. இதையும் அவனிடம் விட்டு ஏமாற அவள் தயாராக இல்லை. போட்டோ எடுத்து மாடு வாங்கி விற்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். சாயங்காலமே திருவண்ணாமலை பால் பண்ணைக்காரர் சுந்தரமூர்த்தி வீடியோ காலில் வந்தார். முன்னால், பின்னால், மடி, பல் எல்லாம் பார்த்தார். விலை என்றதும், எல்லார் காதிலும் விழ எப்படிச் சொல்வது என்று சுற்றிலும் பார்த்தார். அவர் பக்கத்தில் நாலு தரகர்கள்; இவள் பக்கத்தில் தெருவே நின்றது.

"கொண்டா, நான் பேசறேன்" என்று ஆதிநாராயணன் கை நீட்டினான்.

சாமுண்டீஸ்வரி அவன் தோளிலிருந்த துண்டை உருவி, போனோடு சேர்த்துத் தன் தலையை மூடிக்கொண்டாள். "ணா, நீங்களும் ஒரு துண்ட போட்டுக்குங்க. வெரல காட்டுங்க."

"நீ காட்டறது ஒண்ணுமே தெரியலியேம்மா, இருட்டா இருக்குது."

துண்டுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. "யோவ், உன் போன்ல டார்ச்ச போட்டுக் குடு."

கொடுத்தான். பாவம், வேறென்ன செய்வான்? துண்டும் போய், போனும் போய், வெறுந்தோளோடு நின்றான். உள்ளே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. டார்ச் வெளிச்சத்தில் விரலை நீட்டினாள், மடக்கினாள். துண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மறுபடி ஆடியது. கடைசியில் மேலும் கீழும் ஆடியது.

இன்று பனமலை வரைக்கும் பெண்கள் மாடு விற்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். டார்ச் பிடிக்கும் வேலை ஆதிநாராயணனுக்கு. அந்தக் கிடாரி என்ன விலைக்குப் போனது என்று மட்டும் அவனுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், துண்டை உதறி அவன் தோளில் போடுவாள்.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்லக் கூடாதுன்னு நீதானயா சொன்ன?"