குலுக்கலில் விழுந்த சைக்கிளுக்கு ஒரு ஜோடி பெடல்

நீவெஸ் அத்தைக்கு அந்தப் பந்தய சைக்கிள் கிடைத்தது மாதா கோயில் குலுக்கலில். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. முதல் பரிசான சைக்கிள் ஏதாவது ஒரு பையனுக்குத்தான் போகும் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. பாதிரியார் சீட்டை எடுத்து எண்ணை வாசித்தார். நீவெஸ் கையைத் தூக்கினார். பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். எண் மாறவில்லை. இரண்டாம் பரிசான தையல் மிஷினைத் தருகிறோம், சைக்கிளை விட்டுக்கொடு என்று அன்று மாலையே இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

"தையல் மிஷின் மேல ஏறி உக்காந்து வேலைக்குப் போக முடியுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாராம்.

வேலை, எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பால் சங்கத்தில். இத்தாலியின் ஃப்ரியூலி மலையடிவாரத்தில் அப்போது ஊருக்கு ஒரு சங்கம் இருந்தது. கொப்பரையில் பாலைக் காய்ச்சி, திரியவைத்து, சக்கரம் சக்கரமாகச் சீஸ் எடுத்து அடுக்குவார்கள். நாள் முழுக்க ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நிற்கிற வேலை. அத்தையின் பாதங்கள் அகன்று போனது அதில்தான். இரண்டு காலிலும் பெருவிரல் மூட்டு வெளியே புடைத்திருக்கும், இடதுகாலில் அதிகம். கடையில் செருப்பு வாங்கப் போனால் ஆண்கள் பக்கம் போய்த்தான் எடுப்பார்.

எனக்கு அவர் உறவு இல்லை. எங்கள் தெருவில் அம்மா வயதுப் பெண்கள் எல்லாரும் எனக்கு அத்தைதான். என் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியவன் நான், இயந்திரப் பொறியியல். பட்டம் வாங்கியவனைத் 'தொத்தோரே' என்று மரியாதையாக அழைப்பது இத்தாலி வழக்கம். எங்கள் ஊரில் அதே சொல்லைக் கேலிக்கும் வைத்துக்கொள்வார்கள். நான் இரண்டையும் வாங்கிக்கொள்வேன்.

அந்தச் சைக்கிள் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர் அல்சீதே, அத்தையின் கொழுந்தன். மர அறுவை மில் வைத்திருக்கிறார். பழைய பந்தய சைக்கிள்கள் ஏழு அவர் கொட்டகையில் தொங்குகின்றன. உதினே நகரத்தில் கையாலேயே இரும்புச் சட்டம் செய்துவந்த ஒரு கொல்லரின் வேலை அத்தையின் சைக்கிள். அந்த ஆள் செய்த வண்டி மட்டும் அல்சீதேவிடம் இல்லை.

"அண்ணி, அது பந்தயக் குதிரை. அதுல போயி சீஸ் பொட்டலத்தை மாட்டுறீங்களே!"

"அந்தப் பொட்டலம் உன் வீட்டுக்குத்தான் வருது, அல்சீதே. வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடறேன்."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த பேச்சு, எங்கள் ஊர் சைக்கிள் சங்கம் நடத்தும் பழைய சைக்கிள் ஓட்டத்தில் அத்தை பெயர் கொடுத்தபோது வேறு பக்கம் திரும்பியது. ஒவ்வொரு செப்டம்பரிலும் நடப்பது அது. பழைய இரும்புச் சட்டம், சட்டத்தில் கியர் நெம்புகோல், பெடலில் கால்விரல் நுழைக்கும் கம்பிக் கூடு, கூட்டை இறுக்கும் தோல் வார்: இவை இல்லாத வண்டிக்கு அனுமதி இல்லை. ஆற்றோரச் சரளைப் பாதையில் போய், கோட்டை மேட்டில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டும். எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். அதன் தலையில் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வரும் வேன் அது. அது யாரை முந்துகிறதோ அவர் கணக்கில் இல்லை.

முதல் வருடம் அத்தை அந்த வேனில்தான் வந்து இறங்கினார். சைக்கிளோடு வந்த பந்தய பெடல் ஒடுக்கமானது. வெளி ஓரத்தில் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். அந்தக் கொக்கி சுண்டுவிரலை அழுத்த, மறுபக்கம் மூட்டுப் புடைப்பு அழுந்த, பாதி வழியில் இடதுகால் மரத்துவிட்டது. கோட்டை மேட்டின் அடியில் காலைக் கீழே ஊன்றப் பார்த்தவர், வார் இறுகியிருந்ததால் சைக்கிளோடு சாய்ந்தார். துடைப்பம் கட்டிய வேன் மைதானத்துக்குள் நுழைந்தபோது ஊரே அங்கேதான் நின்றிருந்தது.

குளிர்காலம் முழுக்கப் பால் சங்கத்துக் கடையில் இதே பேச்சு. "கால் கிலோ போடுங்க நீவெஸ். ஆமா, வேன்ல சீட்டு மெத்துன்னு இருந்துச்சாமே?"

கிறிஸ்துமஸ் விருந்தில் அல்சீதே விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். "எனக்குக் குடுத்துடுங்க அண்ணி. வேன்ல ஏத்தறதுக்கா அந்த வண்டிய செஞ்சான்?"

அத்தை முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சரி. வர்ற செப்டம்பர்ல மறுபடி நான் அந்த வேன்ல ஏறினா, சைக்கிள் உனக்கு. ஏறலைன்னா, உன் வாயில இந்தப் பேச்சு வரக் கூடாது."

மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். லாரி ஓட்டுகிற கணவர் பெர்த்தோ மட்டும், "யோசிச்சுப் பேசு, நீவெஸ்" என்றார். "யோசிச்சுட்டுத்தான் கரண்டிய வெச்சேன்" என்றார் அத்தை.

ஜனவரியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தொத்தோரே, படிச்சிருக்கியே, எனக்கு ஒரு பெடல் பாத்துக் குடு."

நான் இதைக் கணக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடிழுத்தேன். அகலம் அளந்தேன். மதுக்கடையில் விஷயம் பரவியதும் சைக்கிள் சங்கத்து ஆட்கள் ஆளுக்கொரு பெடலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெடல்தான் உலகத்திலேயே சுகமானது. அல்சீதேவும் ஒரு ஜோடி கொண்டுவந்தார். பளபளவென்று, எண்ணெயில் ஊறவைத்தது போலச் சுழலும்.

"இத மாட்டுங்க அண்ணி. இதுக்கு மேல நல்ல பெடல் கிடையாது. நான் நியாயமாத்தான் ஜெயிக்கணும்."

நல்ல பெடல்தான். அத்தை பாதத்தை வைத்தால் கால்வாசி வெளியே நின்றது.

அகலம் ஒத்துவராவிட்டால் அடித்தோலைக் கெட்டியாக்கலாம் என்பது என் அடுத்த யோசனை. கெட்டி அடித்தோல் வைத்த சைக்கிள் ஷூவில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும். பழைய முறையில் அந்த ஷூவின் அடியில் பள்ளம் வெட்டிய ஒரு கட்டையை ஆணியால் அறைவார்கள். அந்தப் பள்ளம் பெடல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். அதை எங்கே அறைவது என்று கண்டுபிடிக்க ஒரு வழக்கம் உண்டு. கட்டை இல்லாமல் புது ஷூவைப் போட்டுச் சில நாள் ஓட்ட வேண்டும். பெடல் விளிம்பு தோலில் கோடு பதித்துவிடும். அந்தக் கோட்டின் மேல் அறைய வேண்டியதுதான்.

அத்தை புது ஷூவோடு இரண்டு வாரம் பால் சங்கத்துக்குப் போய் வந்தார். பிறகு ஷூக்களை மதுக்கடை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

வலது ஷூவில் கோடு பெருவிரல் அடிமேட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுந்திருந்தது. இடது ஷூவில் கிட்டத்தட்டப் பாதத்தின் நடுக்குழியில், அதுவும் சாய்வாக. ஷூ கைக்குக் கை மாறியது.

"இது என்ன அண்ணி, காலா? ஏணியில நிக்கிற மாதிரி நடுப்பாதத்துல மிதிச்சிருக்கீங்க" என்றார் அல்சீதே.

"ஏணியிலயும் தினம் ஏறுறேன். மேல் தட்டு சீஸ நீ வந்தா திருப்பிப் போடற?"

"இருங்க, இருங்க. கம்பிக் கூட்டுல கால வெச்சுத்தான ஓட்டினீங்க?"

"கூட்டையா? அத எப்பவோ கழட்டிட்டேன். வழியில மூணு கேட் இருக்கு, இறங்கி இறங்கித் தொறக்கணும். எதுக்குக் கூடு?"

கடையே சிரித்தது. "கூட்டக் கழட்டிட்டா? அப்ப இது செல்லவே செல்லாது! மறுபடி மொதல்லேர்ந்து!"

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஷூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு நின்றது. மற்றவர்கள் எல்லாரும் கூட்டோடு ஓட்டுகிறார்கள். கூடு எங்கே நிறுத்துகிறதோ அங்கேதான் கோடு விழும். அத்தையின் ஷூவில் விழுந்திருந்தது, வலிக்காமல் இருக்க அவர் கால் தானாகப் போய் நின்ற இடம். காலை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் பெடலையே இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தோம். வேண்டியது, கால் இஷ்டப்படி நிற்க இடம் கொடுக்கிற பெடல்.

"அத்தை, கட்டையே வேண்டாம். ஆணியும் வேண்டாம்" என்றேன்.

"வார் கட்டினா முன்ன மாதிரி விழுவனே?"

"வாரத் தளர்த்தியே விடுங்க. விதியில வார் இருக்கணும்னுதான் இருக்கு, இறுக்கணும்னு இல்ல."

மார்ச்சில் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. தூரப் பயண சைக்கிள்களுக்கு அந்தக் காலத்தில் போட்ட அகலத் தட்டு பெடல். மேலே சமமான தட்டு; வெளி ஓரத்தில் கொக்கி கிடையாது. கனம்தான் அதிகம். விற்றவரே, "இதையா எடுக்கறீங்க?" என்று கேட்டார். இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. இடதுகால் அவ்வளவு முன்னால் போனால் விரல்நுனி கூட்டில் முட்டும். பெடலுக்கும் கூட்டுக்கும் நடுவில் வைக்க, நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அலுமினியத்தில் இரண்டு துண்டு கடைந்தேன். முதல் ஜோடி போதவில்லை. கழற்றி, தடித்ததாக வேறு கடைந்து போட்டேன். அத்தை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "எதுவும் தெரியல" என்றார்.

"என்ன தெரியல?"

"பெடல் இருக்கறதே தெரியல. விடு, இதுவே இருக்கட்டும்."

ஓட்டத்தன்று காலையில் சைக்கிள்களைச் சோதிக்கும் பொறுப்பு அல்சீதேவுக்குத்தான். ஆறேழு வருடமாக அவர்தான் செய்கிறார். அத்தையின் வண்டி முன் குனிந்தார், பெடலைச் சுழற்றினார், முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, தபால்காரன் பெடல்!"

"கூடு இருக்கா?" என்றார் அத்தை.

"இருக்கு."

"வார்?"

"இருக்கு."

"பழசா?"

அல்சீதே பெடலைத் திருப்பி அடியில் அச்சடித்த வருடத்தைப் பார்த்தார். சைக்கிளைவிட அது பழசு. பின்னால் நின்றவர்கள் இவர் என்ன செய்யப்போகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அத்தையின் அனுமதி அட்டையில் முத்திரையைக் குத்தினார்.

"விதிப்படி சரி. ஆனா அண்ணி, இவ்வளவு கனத்தோட கோட்டை மேட்டுக்குப் போனா வேன்காரனுக்குத்தான் வேலை."

சோதனை முடிந்ததும் அல்சீதேவும் தன் சைக்கிளில் ஏறி முன்னால் போய்விட்டார். நான் அத்தையோடு ஓட்டினேன். ஆற்றோரத்தில் பொலெந்தா என்கிற சோளமாவுக் களியும் வறுத்த சீஸும் வெள்ளை ஒயினும் கொடுத்தார்கள். அத்தை நின்றபடியே சாப்பிட்டு, கிளாஸை என்னிடம் நீட்டி, "மேடு வருது, நீ குடி" என்றார். போன வருடம் கால் மரத்த இடத்தைத் தாண்டும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "முன்னால பாத்து ஓட்டு" என்றார்.

கால் மரக்கவில்லை. ஆனால் கோட்டை மேடு கோட்டை மேடுதான். பாதி ஏற்றத்தில் கியர் தீர்ந்தது, மூச்சும் தீர்ந்தது. காலைத் தளர்ந்த வாரிலிருந்து உருவிக் கீழே ஊன்றினார். விழவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பின்னால் வேன் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நீவெஸ், போன வருஷத்து சீட்ட அப்படியே வெச்சிருக்கேன்!"

"யாராவது ஏறுவாங்க. மெதுவா வா!"

வளைவில் திரும்பியபோது முன்னால் நாலைந்து பேர் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். நடப்பது என்றும் சொல்ல முடியாது. அடியில் ஆணியடித்த கட்டையோடு சரளைக் கற்களில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கியது. அவர்களில் ஒருவர் அல்சீதே. ஷூவைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, காலுறையோடு கல்லில் தத்திக்கொண்டிருந்தார். அத்தையின் ஷூ அடி வெறும் தோல். வேகம் குறையாமல் தள்ளிக்கொண்டே போனார்.

"அல்சீதே, கல்லு குத்துதா?"

"பேசாம போங்க அண்ணி."

அத்தை பேசாமல் போனார். உச்சியில் ஏறி உட்கார்ந்து, கூட்டில் காலை நுழைத்து, இறக்கத்தில் விட்டார். மைதானத்துக்குள் வரும்போது அவருக்குப் பின்னால் மூன்று பேர்தான் பாக்கி, அப்புறம் வேன். மூவரில் அல்சீதே கடைசி. துடைப்பம் அவர் முதுகைத் தொடாத குறை. ஆனாலும் சைக்கிளில்தான் வந்தார். இறங்கியவர் நேராக மேசைக்குப் போய் முத்திரையைக் கையில் எடுத்தார். அத்தை அட்டையை நீட்டினார். குத்தினார்.

"இனிமே கேப்பியா?"

"கேக்க மாட்டேன்" என்றார் அல்சீதே. காலுறை இரண்டும் கிழிந்திருந்தன. "ஆனா அண்ணி, அந்தப் பெடல மட்டும் மாத்திடுங்க. அந்தச் சட்டத்துக்கு அது... கண்ணால பாக்க முடியல."

"பாக்காத" என்று சொல்லிவிட்டு அத்தை பொலெந்தா வரிசையில் போய் நின்றார்.