பல்செட்டில் இரண்டு சொட்டு

சோதனைக்கூடத்தில் அவளுக்குக் கிராம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். பல்செட்டில் படியும் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, நடுவில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விடுவது அவள் வேலை. மறுநாள் பார்த்தால், தட்டெல்லாம் மூடிய வெண்படலத்தில் அந்தச் சொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல், மேகம் விலகிய வானத்துண்டு போலத் தெளிந்திருக்கும். தேநீர் ஆறிப்போவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வானத்துண்டை வீட்டுக்கும் கொண்டுபோகும் ஆசையில், மாமனாரின் பல்செட் ஊறும் கிண்ணத்தில் இரண்டு சொட்டு விட்டாள். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, பல்செட்டோடு ஒட்டிக்கொண்டு வரும், அலசித்தான் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஏதோ நினைப்பில் காலையில் அப்படியே நீட்டிவிட்டாள்.

மாமனார் அதை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் காபியில் குறை சொல்ல வாயைத் திறந்தார். கிராம்பு தன் வேலையைக் காட்டியிருந்தது. ஈறும் நாக்கும் மரத்துப்போய், ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை.

"ஐயோ மாமா, இருங்க, கொப்பளிக்கத் தண்ணி கொண்டாரேன்!" என்று ஓடியவளின் கையை மாமியார் பிடித்து நிறுத்தினாள்.

"பல் போனா சொல் போச்சும்பாங்க. இவருக்குப் பல் இருந்தும் சொல் போயிருக்கு. நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் என் காபி நல்லா இருக்கு. கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்மா."