தர்மராஜ் அண்ணன் சுவைத்த கறுப்பு பீர்

சென்ற செவ்வாய்க்கிழமை போடிமெட்டு ஜீப் ஓட்டுநர் ஒருவர்தான் தொலைபேசியில் சொன்னார்: "சார், உங்க கடையில இருந்த தர்மராஜ் அண்ணே காலையில தவறிட்டாரு. நெஞ்சுவலி."

போடி ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஏலக்காயின் தரம் பார்ப்பது அவர் வேலை; காயை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தே எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அவர் நான் வேலை பார்க்கும் கடையை விட்டு ஏன் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன், எங்களிடம் ஏலக்காய் வாங்கும் பெல்ஜிய நாட்டு பீர் தயாரிப்பாளர் ஒருவர் கடைக்கு வந்தார். எங்கள் காயைச் சேர்த்துத் தயாரித்த 'பாக்' என்னும் கறுப்பு பீரைக் கொண்டுவந்திருந்தார். தரம் பார்ப்பவர் சுவைத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. மொழிபெயர்க்க நான்.

அண்ணன் குடிப்பழக்கம் இல்லாதவர். முதலாளி தலையசைத்ததும் ஒரு மிடறு வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மொதல்ல கருகுன வெல்லம். அப்புறம் வறுத்த காப்பிக்கொட்டை, காஞ்ச திராட்சை. கடைசியில நிக்கிற கசப்பு அருமையா இருக்கு."

அப்படியே சொன்னேன். வந்தவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது மிடறில் அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஆனா காய் மணமில்லாம செத்துக் கெடக்கு தம்பி. பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏத்தி அனுப்பிருக்கோம். அவருகிட்டச் சொல்லு."

முதலாளி என்னைப் பார்த்தார். ஏலக்காய் மணம் பிரமாதம் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அளவு ஆங்கிலம் அண்ணனுக்குத் தெரியும். கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போடியில் வேறு எந்தக் கடையும் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளி அப்படிப் பார்த்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயதில் அண்ணன் எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு களை வெட்டப் போனார்.

ஒருமுறை ஜீப் நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்குப்பா கேக்குற? அந்த வெளிநாட்டு மனுசன்கிட்டச் சொல்லு," என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

ராசிங்காபுரத்தில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி என்னை உற்றுப் பார்த்தார். "அந்த வெளிநாட்டுக்காரர்கிட்டப் பேசுனது நீங்கதானா? ரெண்டு பேருஞ் சேந்துதான் உண்மையச் சொன்னோம்னு சொல்லுவாரு. அப்புறம் ஒங்க சோலி மட்டும் எப்பிடித் தப்புச்சு?"

எழுந்து வந்தேன். நான் அறிந்தவரை அண்ணன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், அந்த 'ரெண்டு பேருஞ் சேந்து'. எனக்காகச் சொன்னது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதும் அதுதான்.